மீன் தொட்டிக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்

கொரட்டூர்க்காரர்களுக்கு வண்ண மீன் வாங்க ஊர் சுற்ற வேண்டியதில்லை. நாடறிந்த கொளத்தூர் மீன் கடைகள் நமக்குக் கூப்பிடு தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பேரப் பிள்ளைகளோடு போனால், காற்றடைத்த பிளாஸ்டிக் பையில் நாலைந்து மீன்களோடு வீடு திரும்பலாம். என் வயதுக்காரர்கள் பலர் வீட்டு ஹாலில் இப்போது ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. சீரியல் பார்ப்பதைவிட நல்ல பொழுதுபோக்குதான், மறுக்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற நாம், ஆயுள் முழுக்க ஒரே தொட்டியில் அடைபடப் போகிற மீன்களுக்கு ஒரு பொருத்தமும் பார்ப்பதில்லை. நிறம் பார்க்கிறோம், விலை பார்க்கிறோம், அத்தோடு சரி. அதனால் அவதிப்படுவது முதலில் மீன்கள், பிறகு நம் ஏரி.

கடைகளில் நம் கண்ணை முதலில் இழுப்பவை ஆஸ்கார், ஏஞ்சல், டிஸ்கஸ். மூன்றுக்கும் பூர்வீகம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பக்கம். மூன்றும் சிக்லிட் என்ற குடும்பம். பெயர்தான் புதிது, குடும்பம் நமக்குப் பழக்கமானதுதான். ஏரியில் பிடித்துக் குழம்பு வைக்கிறோமே ஜிலேபி, அது 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க சிக்லிட். மலையாளிகளின் கரிமீன் நம் நாட்டு சிக்லிட். இந்தக் குடும்பத்தின் சிறப்பு, முட்டையையும் குஞ்சையும் விட்டுப் போகாமல் காவல் காப்பது. தொட்டிக்குள் வம்பு வருவதும் அந்தப் பாசத்தால்தான். ஜோடி சேர்ந்த மீன் மற்றவற்றைக் கிட்டே அண்ட விடாது. ஆற்றில் விரட்டினால் இன்னொரு மீன் தப்பி ஓடிவிடும். மூன்றடித் தொட்டியில் எங்கே ஓடும்?

நான் பார்க்கச் சொல்வது பத்துப் பொருத்தம் அல்ல, மூன்றே மூன்று.

முதலாவது, வாய்ப் பொருத்தம். கடையில் இரண்டு அங்குலமாக இருக்கும் ஆஸ்கார் ஒரு அடி வரை வளரும். வாயில் நுழைவதெல்லாம் அதற்கு இரைதான். கப்பி, நியான் டெட்ரா எல்லாம் ஒரு வாய்க்குக் காணாது. 'நியானும் அமேசான், ஏஞ்சலும் அமேசான், ஒரே ஊர்தானே' என்று சேர்த்து விடுகிறார்கள். ஒரே ஊர் என்றால் உறவாகிவிடுமா? வளர்ந்த ஏஞ்சலுக்கு நியான் நல்ல தீனி. அடியில் மேயும் சிறிய கோரிடோராஸை ஏஞ்சலோடு விடலாம். ஆஸ்காரோடு விட்டால் விழுங்கப் பார்க்கும், அதன் முள் தொண்டையில் சிக்கி இரண்டுமே சாகலாம். ஆஸ்காருக்குத் துணை வேண்டுமானால் ஐந்தாறு சில்வர் டாலர் விடலாம். தட்டையான, வேகமாக நீந்தும் மீன். ஆனால் ஆஸ்கார் ஒன்றுக்கே நாலடித் தொட்டி வேண்டும். துணையும் சேர்ந்தால் ஆறடி.

இரண்டாவது, தண்ணீர்ப் பொருத்தம். டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி வெதுவெதுப்பும் மென்மையான நீரும் வேண்டும். கோல்ட் ஃபிஷ் குளிர்ந்த நீருக்குப் பிறந்தது. இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டால் ஏதாவது ஒன்று வாடித்தான் போகும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட்களுக்கோ காரத்தன்மை கூடிய கடின நீர்தான் பிடிக்கும். குடும்பப் பெயர் ஒன்று என்பதற்காக அவற்றை டிஸ்கஸோடு சேர்க்கக் கூடாது. உங்கள் வீட்டு போர் தண்ணீர் பக்கெட்டில் வெள்ளைப் படிவு விடுகிறதா? அப்படியென்றால் டிஸ்கஸ் ஆசையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

மூன்றாவது, குணப் பொருத்தம். ஏஞ்சலின் நீண்ட துடுப்பைக் கண்டால் டைகர் பார்ப் கடிக்காமல் இராது. வாஸ்து மீன் என்று வாங்குகிறோமே ஃபிளவர்ஹார்ன், அது காட்டில் பிறந்ததே அல்ல, 1990-களில் மலேசியாவில் கலப்பினமாக உருவாக்கியது. அதைத் தனியாகத்தான் வளர்க்க வேண்டும். 'பாவம், தனியாக இருக்கிறதே' என்று துணைக்கு ஒன்றை விடுவது அந்த இன்னொன்றுக்குச் செய்யும் பாவம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் ஆஸ்கார் ஒன்று, ஏஞ்சல் ஆறு, 'தொட்டியைச் சுத்தம் செய்யும்' என்று கடையில் சொல்லிக் கொடுத்த சக்கர் மீன் ஒன்று. எட்டு மாதத்தில் ஏஞ்சல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சக்கர் முழ நீளம் வளர்ந்து, தொட்டியில் திரும்பவே இடமில்லை. அடுத்து என்ன செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். 'கொன்ற பாவம் நமக்கு எதற்கு' என்று ஏரியில் கொண்டு போய் விடுவார்கள்.

என் கோபமெல்லாம் இங்கேதான். சக்கர் மீனும் தென் அமெரிக்காதான். கவசம் போன்ற செதில். பிராணவாயு குறைந்த சாக்கடை நீரிலும் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். கரையைக் குடைந்து வளை தோண்டி முட்டையிடும், வலையைக் கிழிக்கும். இங்கே வாங்கிச் சாப்பிடவும் ஆள் இல்லை. தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகிவிட்டது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரி, அது நிரம்பினால் ரெட்டேரி என்று நம் ஏரிகள் சங்கிலி போல் இருப்பவை. ஒரு ஏரியில் விட்டது அங்கேயே நிற்காது. கழிவுநீரோடு போராடுகிற ஏரிக்கு இந்தச் சுமையும் வேண்டுமா?

'மீன்தானே சார், இதற்குப் போய் இவ்வளவா' என்று சிலர் சிரிக்கலாம். கடைக்காரர்களின் பிழைப்பைக் கெடுப்பதும் என் நோக்கமல்ல. ஒவ்வொரு தொட்டியிலும் விலையோடு கூட, 'இது எத்தனை அங்குலம் வளரும், எதோடு சேராது' என்று ஒரு வரி எழுதி ஒட்டினால் போதும். விவரம் தெரிந்து வாங்கியவர் மறுபடியும் வருவார். மாதா மாதம் மீன் செத்துப்போகிற வீட்டுக்காரர் தொட்டியையே பரணில் ஏற்றிவிடுவார்.

நாமும் கேட்கப் பழக வேண்டும். கடையில் மீனைக் காட்டி, 'இது வளர்ந்தால் எவ்வளவு பெரிசாகும்?' என்று பேரனையே கேட்கச் சொல்லுங்கள். அதைத் தாங்கும் தொட்டி வீட்டில் இல்லையென்றால் வாங்காதீர்கள். வளர்ந்துவிட்ட மீனை வைத்திருக்க முடியாவிட்டால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள், பெரிய தொட்டி வைத்திருப்பவருக்குச் சும்மாவாவது கொடுங்கள். ஏரியில் மட்டும் விடாதீர்கள்.