தலைமடையில் அடைக்காத நஞ்சு

பாலாற்றங்கரை ஊர்களுக்குச் செல்வோர்க்கு வழிகாட்டிப் பலகை வேண்டுவதில்லை, மூக்கே வழிகாட்டும். வாணியம்பாடியும் ஆம்பூரும் பேரணாம்பட்டும் இராணிப்பேட்டையும் உலகத்தார் கால்களுக்குத் தோல் பதனிட்டுத் தந்தன. அதற்கு ஈடாக அவை பெற்றவை உவர்ப்பேறிய கிணறுகளும், விளைச்சல் மறுத்த வயல்களும், புண்பட்ட கைகளுமே.

இது வெறும் புலம்பலன்று. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், 1996ஆம் ஆண்டு ஆகத்து 28ஆம் நாள் உச்ச வழக்குமன்றம் வழங்கிய தீர்ப்பிலேயே கணக்குகள் ஏறியுள்ளன. தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் ஒரு பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்று. திண்டுக்கல் பக்கத்துச் சிற்றூர்கள் பதின்மூன்றில் 467 கிணறுகளுள் 350 கெட்டுப்போயிருந்தன. ஒரு கிலோ தோலை முடித்தெடுக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர்; குரோமியப் பதனீட்டில் ஏறத்தாழ 170 வகை வேதிப்பொருள்கள்! மாசு செய்தவனே ஈடு கட்டவேண்டும் என்னும் நெறியும், கேடு வருமுன் காக்கவேண்டும் என்னும் நெறியும் இந்நாட்டுச் சட்டத்தின் கூறுகள் என அத்தீர்ப்பு உறுதி செய்தது.

இரண்டு நெறிகளில் முதலாவதைப் பற்றியே ஊரெல்லாம் பேச்சு. தண்டம் எவ்வளவு, ஈட்டுத்தொகை எவ்வளவு, கட்டியவர் எவர், கட்டாதவர் எவர் என்றே வழக்குகள் நீண்டன. இரண்டாவது நெறியோ தீர்ப்பேட்டிலேயே உறங்குகிறது. கேடு வருமுன் காப்பதென்றால், நஞ்சு ஆலைக்குள் நுழையும் வாயிலிலேயே அதைக் குறைக்கவேண்டும். குறைக்கத் தெரிந்த ஆள் ஆலைக்குள் இருக்கவேண்டும். அந்த ஆளை உருவாக்க எந்தச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது? எந்தச் சட்டமும் இல்லை!

கடைமடையில் கட்டிய கரை

தீர்ப்புகளின் பயனாக எழுந்தவை பொதுக் கழிவுநீர்த் தூய்மிப்பு நிலையங்கள். அவை வேண்டா என்று எவரும் சொல்லவில்லை. ஆயின் அவை செய்வதென்ன? நீரிலிருந்து நஞ்சைப் பிரித்து மண்டியாக்குகின்றன. நஞ்சு அழிவதில்லை, இடம் மாறுகிறது. மண்டியை எங்கே கொட்டுவது? 2015ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் விடியுமுன், இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் அத்தகைய மண்டித் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலையில் உறங்கிய தொழிலாளர் பத்துப்பேர் அந்தச் சேற்றில் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வயிற்றுப் பிழைப்புக்கு வந்தவர்கள். அதே இராணிப்பேட்டையில், 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமிய வேதி ஆலையொன்று விட்டுச்சென்ற கழிவுக்குன்று ஓர் இலக்கம் தொன்னுக்கும் மேற்பட்டது. ஆலை போயிற்று, ஆதாயம் போயிற்று, நஞ்சு மட்டும் நிலத்தடி நீரில் குடியேறிற்று.

தலைமடையைத் திறந்துவிட்டுக் கடைமடையில் கரை கட்டுகிறவனை எந்த உழவனும் அறிவுடையவன் என்னமாட்டான். தொழில் துறையில் மட்டும் அதற்குத் "தூய்மைத் திட்டம்" என்று பெயர்!

தலைமடையில் செய்யத்தக்கது என்ன?

பழைய முறைக் குரோமியப் பதனீட்டில் தோல் உட்கொள்ளும் குரோமியம் நூற்றுக்கு அறுபது, எழுபது பங்குதான். எஞ்சியது நீரோடு போகிறது. உட்கொள்ளும் அளவை உயர்த்தும் முறைகள் உள்ளன. எஞ்சிய குரோமியத்தைக் காரமிட்டுப் படியவைத்து, கந்தகக் காடியில் கரைத்து, மீண்டும் பதனீட்டுக்கே பயன்படுத்தும் முறையும் உள்ளது. மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சேர்க்கும் சோடியம் சல்பைடுக்கு மாற்றாக நொதிகள் உள்ளன. அந்தச் சல்பைடுக் கழிவில் காடி கலந்தால் ஐதரசன் சல்பைடு என்னும் கொல்லும் வளி எழும்; கழிவுத் தொட்டிக்குள் இறங்கியவன் மீளான். உப்பிட்ட தோலை நீரில் போடுமுன் நன்றாக உதறினாலே, நீரில் கரையும் உப்பின் ஒரு பகுதி குறையும். இதற்குப் பொறியும் வேண்டா, கோடிகளும் வேண்டா. ஏன் உதறவேண்டும் என்று அறிந்த கை வேண்டும்.

இவ்வறிவு சென்னையிலேயே இருக்கிறது. நடுவணரசின் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948இலிருந்து அங்கே இயங்குகிறது. மேற்சொன்ன முறைகளில் பலவற்றை ஆய்ந்து செம்மை செய்தது அதுவே. ஆய்வறைக்கும் சுண்ணாம்புக் குழிக்கும் இடையே உள்ள தொலைவைக் கடக்கும் பாலம்தான் இல்லை. அந்தப் பாலத்தின் பெயர் பயிற்சி.

எவர் காலுக்கு எவர் கை?

"மாற்று முறைகள் உடனே நடவா, தொழில் படுத்துவிடும்" என்று முதலாளியர் சொல்வர். அவர்களுக்கு அவர்கள் வரலாறே விடை சொல்லும். தோலைப் பூஞ்சணத்தினின்று காக்கப் பெண்டாகுளோரோபீனால் என்னும் நஞ்சைப் பயன்படுத்தி வந்தனர். 1989இல் செருமனி அதற்குத் தடை விதித்தது. வாங்குவோன் தோலைத் திருப்பி அனுப்புவான் என்ற அச்சம் வந்ததும், சில ஆண்டுகளுக்குள் மாற்றுப் பொருள் வந்தது. சென்னை ஆய்வாளரும் துணைநின்றனர். 1994இல் புற்றுநோய் விளைக்கும் அமீன்களை வெளிவிடும் சாயங்களைச் செருமனி தடுத்தது. 1997இல் இந்திய அரசும் 112 சாயங்களைத் தடை செய்தது. தொழில் படுத்துவிடவில்லை!

செருமனியனின் கால்தோல் அரிக்கக்கூடாது என்றதும் இரண்டு மூன்று ஆண்டில் நடந்தது, ஆம்பூர்த் தொழிலாளியின் கைத்தோல் அரிக்கக்கூடாது என்பதற்காக ஏன் நடக்கவில்லை? முடியாமை கரணியமன்று, கேட்பார் இன்மையே கரணியம். வாங்குவோன் கேட்டான், நடந்தது. தொழிலாளி கேட்க, அவனுக்கு அப்பொருளின் பெயரும் இயல்பும் தெரியவேண்டும். தெரிவிக்கும் பயிற்சியை எவர் தந்தார்?

கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டு

அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலத்தில் ஓபர்ன் என்றோர் ஊர். அதுவும் தோல் பதனிட்டுப் பெயர்பெற்ற ஊரே. அங்குக் குடிநீர்க் கிணறுகள் இரண்டில் டிரைகுளோரோ எத்திலீன் முதலிய நஞ்சுகள் கண்டறியப்பட்டு, 1979இல் அவை மூடப்பட்டன. குழந்தைகள் பலர் குருதிப் புற்றால் மாண்டதை முன்வைத்துப் பெற்றோர் வழக்காடினர். அதே மாநிலம் 1989இல் நச்சுப்பொருள் பயன்பாட்டுக் குறைப்புச் சட்டத்தை இயற்றிற்று. மிகுதியான நஞ்சைக் கையாளும் ஒவ்வோர் ஆலையும், எந்த நஞ்சை எவ்வளவு பயன்படுத்துகிறது என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்டவேண்டும். எவ்வாறு குறைக்கலாம் என்று திட்டம் வரையவேண்டும். மூலப்பொருளை மாற்றுதல், விளைபொருளின் அமைப்பை மாற்றுதல், செய்முறையைத் திருத்துதல், பொறிகளைப் புதுப்பித்தல், பேணுதலைச் செம்மைப்படுத்துதல், ஆலைக்குள்ளேயே மீளப் பயன்படுத்துதல் என ஆறு வழிகளையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இதில் நெஞ்சிற் பதிக்கவேண்டியது ஒன்றுண்டு. அத்திட்டத்தைக் கண்டவரெல்லாம் வரைந்துவிட முடியாது. சான்று பெற்ற நச்சுக்குறைப்புத் திட்டவாணர் ஒருவர் அதை ஆய்ந்து கையொப்பமிடவேண்டும். அவர் பயிற்சி பெற்று, தேர்வில் வென்று, சான்றைப் புதுப்பிக்கத் தொடர்ந்து கற்றுவரவேண்டும். பயிற்றுவதற்கென்றே உலோவெல் நகரப் பல்கலைக்கழகத்தில் ஒரு நிறுவனத்தைச் சட்டமே தோற்றுவித்தது. செலவு எவர் பொறுப்பு? நஞ்சைப் பயன்படுத்தும் ஆலைகள் ஆண்டுதோறும் கட்டும் கட்டணமே! திட்டத்தை நிறைவேற்றியே தீரவேண்டும் என்று அச்சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. எண்ணிப் பார்க்கவே கட்டாயப்படுத்தியது. அறிவோடு எண்ணிப் பார்த்ததும், குறைப்பதே ஆதாயம் என்று பல ஆலைகள் கண்டன. நச்சுக்கழிவைப் பாதியாகக் குறைப்பது என்று வைத்த இலக்கு 1990களின் முடிவுக்குள் எட்டப்பட்டது.

பயிற்சி எம்மொழியில்?

இந்நாட்டிலும் ஏட்டளவில் ஏதுமில்லை என்பதற்கில்லை. 1984இல் போபாலில் ஆயிரக்கணக்கானோர் மாண்டபின், 1948ஆம் ஆண்டுத் தொழிலகச் சட்டத்தில் 1987இல் புதுப் பிரிவுகள் சேர்ந்தன. இடர்களை ஆலையார் தொழிலாளிக்கு வெளிப்படுத்தவேண்டும் என்றும், உடல்நலம், பாதுகாப்புப் பற்றிய பயிற்சி பெறத் தொழிலாளிக்கு உரிமையுண்டு என்றும் அவை கூறின. ஆலை அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், பெரும்பாலான தொழிலாளர்க்கு விளங்கும் மொழியிலும் இருக்கவேண்டும் என்பதும் அச்சட்டத்தில் முன்பே இருந்தது. பின்னர் அச்சட்டமே 2020ஆம் ஆண்டுத் தொகுப்புக்குள் அடக்கப்பட்டது. எழுத்து மாறிற்று, தொழிலாளியின் அறியாமை மாறிற்றா?

போபால் ஆலையின் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. இயக்குவோர்க்குரிய பயிற்சிக் காலமும் குறைக்கப்பட்டிருந்தது. விளங்காத மொழியில் எழுதிய எச்சரிக்கை, எழுதாத எச்சரிக்கையே. பீப்பாயின் மேல் ஆங்கிலத்தில் ஒட்டிய தாள் முதலாளியைச் சட்டத்தினின்று காக்கும். தொழிலாளியை நஞ்சினின்று காக்காது.

"வேதியியலுக்குத் தமிழில் சொல் ஏது?" என்று படித்தவர் சிலர் நகைப்பர். அவர்கள் யாழ்ப்பாணத்து மானிப்பாயை நோக்கட்டும். சாமுவேல் பிசுக்கு கிரீன் என்னும் மருத்துவர் அங்கு வந்து, மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். 1875இல் வேதியியல் நூலொன்றும் தமிழில் வெளியிட்டார். அவர் பிறந்த மண் எது? அதே மாசச்சூசெட்சு! ஓர் அயலவரால் 19ஆம் நூற்றாண்டில் முடிந்தது, தமிழ்நாட்டரசால் இன்று முடியாதா? தோல் பதனிடுதல் இம்மண்ணுக்குப் புதிய தொழிலுமன்று. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு இங்குப் பதனிட்ட தோல் உலகச் சந்தையில் தனிப்பெயர் பெற்றது. ஊறவைத்தல், மயிர் நீக்கல், சதை நீக்கல், பதனிடல் என்று தொழிலாளி நாவில் வழங்கும் சொற்களே பாடநூலின் பாதி. மறுபாதியை ஆக்கத் தமிழறிஞரும் வேதியறிஞரும் ஒருங்கே அமர்ந்தால் போதும்.

மொழியுரிமை பேசுவோர் ஓர் அறத்தையும் மறத்தல் ஆகாது. தமிழ்த் தொழிலாளிக்குத் தமிழில் வேண்டும் என்று கேட்கும் அதே வாய், அன்று சேற்றில் மாண்ட வங்கத் தொழிலாளிக்கு வங்கமொழியிலும், பீகாரிக்கு அவன் மொழியிலும் வேண்டும் என்று கேட்கவேண்டும். அவனவன் உயிரை அவனவன் மொழியே காக்கும். தனக்கு வேண்டும் உரிமையைப் பிறர்க்கு மறுப்பவன் ஆங்கிலத்தைத் திணித்தவனினும் உயர்ந்தவன் அல்லன்.

வேண்டுவன

தமிழ்நாட்டரசு நச்சுப்பொருள் பயன்பாட்டைக் குறைப்பதற்கெனத் தனிச்சட்டம் இயற்றவேண்டும். ஒவ்வோர் ஆலையும் உள்ளே வரும் நஞ்சின் கணக்கை ஊரறியக் காட்டவேண்டும். சான்று பெற்ற திட்டவாணரின் கையொப்பமின்றி உரிமம் புதுப்பித்தல் கூடாது. அவரைப் பயிற்றும் நிறுவனம் வேலூரிலோ இராணிப்பேட்டையிலோ, நஞ்சு உள்ள இடத்திலேயே அமையவேண்டும். அதன் செலவை ஆலைகளே ஏற்கவேண்டும். பாடமும் தேர்வும் தமிழில் இருக்கவேண்டும். சுண்ணாம்புக் குழியில் இருபதாண்டு நின்று பட்டறிவு பெற்ற தொழிலாளியும் அத்தேர்வை எழுதும் வாயில் திறந்திருக்கவேண்டும். பட்டம் பெற்றவனுக்கு மட்டுமே திறக்குமாயின், அது மற்றுமொரு வேலைவாய்ப்புக் கதவேயன்றி நஞ்சுக்கு இட்ட தடையாகாது.

பாலாறு மீண்டும் பாலாறு ஆவது தீர்ப்பேட்டால் மட்டும் ஆகாது. குழியில் நிற்பவன் தன் கையிலுள்ள பொருளின் பெயரைத் தன் மொழியில் அறிந்து, "இது வேண்டா, இதற்கு மாற்று உண்டு" என்று நிமிர்ந்து சொல்லும் நாளில்தான் தலைமடை அடைபடும். அந்நாளை வரச்செய்வது தமிழுணர்வுடையார் கடன்.