கோடு கீற முதல் கேளுங்கோ

"பாதுகாப்பு" என்ற சொல்லைக் கேட்டவுடன் வடக்குக் கரையோரத்தில் ஒருத்தரும் சந்தோசப்படுறதில்லை. உயர் பாதுகாப்பு வலயம் என்றால் சொந்த ஊருக்குள்ளேயே போக ஏலாது என்று அர்த்தம். யுத்த காலத்தில் பாஸ் இல்லாமல் கடலுக்குப் போக விடமாட்டினம். இரவுத் தொழிலுக்குத் தடை. அந்த நினைவோட இருக்கிற சனத்திடம் போய் "உங்கட கடலைப் பாதுகாக்கப் போறம்" என்று சொன்னால், அவர்களுக்கு முதலில் ஞாபகம் வாறது முள்ளுக்கம்பிதான். சூழலைப் பற்றி நிறையக் கதைக்கிற எங்களைப் போன்ற ஆட்கள் இதை முதலில் விளங்கிக்கொள்ள வேணும்.

தெளிவாகவே சொல்லுறம்: கடலில் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் வேணும் என்பதுதான் எங்கட நிலைப்பாடு. கண்டல் காடும் கடற்புல்லும் அழிந்தால் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர இடமில்லை. கடற்புல்லைத் தின்று வாழுற கடற்பன்றிக்கு வேற சாப்பாடே இல்லை. இழுவைமடி அடியோட வழிச்சுக்கொண்டு போறதை மன்னார்ப் பக்கம் பார்க்காத ஆள் இல்லை. 2017 இல் அதை நாட்டில் சட்டத்தால் தடைசெய்தார்கள். அந்தத் தடைக்காகக் கத்தினதில் சிறு தொழிலாளர்களின் சங்கங்களும் இருந்தன. கடல் கெட்டால் முதலில் வயிறு காயுறது ஆருக்கு என்று அவர்களுக்கு நாங்கள் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

எங்கட கேள்வி, அந்தப் பகுதிகளின் எல்லையை ஆர் கீறுறது என்பதுதான்.

விடத்தல்தீவை எடுங்கோ. 2016 இல் 29,180 ஹெக்டேயரை இயற்கை ஒதுக்கமாக வர்த்தமானியில் அறிவித்தார்கள். 1990 இல் விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும் 2008 சண்டையில் இடம்பெயர்ந்த குடும்பங்களும் திரும்பிவந்து வலையைத் தைத்து வள்ளத்தைத் திருத்திக்கொண்டிருந்த காலம் அது. பிறகு 2024 மே மாதம் இன்னொரு வர்த்தமானி வந்தது. நீருயிரின வளர்ப்புப் பூங்கா ஒன்றுக்காக அதே ஒதுக்கத்தில் 168 ஹெக்டேயரை வெட்டியெடுக்கிற அறிவித்தல் அது. விசயம் நீதிமன்றம் வரைக்கும் போனது. புத்தளத்தில் கண்டலை வெட்டி இறால் குளம் தோண்டி, நோய் வந்தபிறகு கைவிட்ட கதை தெரிந்த எவருக்கும் பயம் வரத்தான் செய்யும்.

எட்டு வருசத்தில் ஒரு வர்த்தமானி கோடு கீறுது, இன்னொன்று அதை அழிக்கப் பார்க்குது. இரண்டும் அமைச்சரின் கட்டளைகள். கரையில் இருக்கிறவரின் சம்மதம் இல்லாமலே கீற ஏலுமென்றால், சம்மதம் இல்லாமலே அழிக்கவும் ஏலும். ஒரு ஊர் தானே சேர்ந்து கீறின எல்லை என்றால், அதில் ஒரு துண்டை வெட்ட வாறவருக்கு முன்னால் அந்த ஊரே நிக்கும். மக்களைக் கேக்கிறதை அவர்களுக்குச் செய்யிற தயவாக நினைக்கிற அதிகாரிகளுக்கு நாங்கள் சொல்லுறது இதைத்தான்: கடலுக்கே அதுதான் காவல்.

கரையில் இருக்கிறவருக்குத் தெரிந்தது வரைபடத்தில் இல்லை. சோளகத்தில் எந்தப் பாடு வேலை செய்யும், வாடையில் எங்க ஒதுங்கலாம், நண்டு எந்த மாதம் முட்டையோட வரும் என்பதெல்லாம் தலைமுறையாக வந்த கணக்கு. கரையில் தெரியிற கோபுரத்தையும் பனைக்கூடலையும் நேர்பிடித்து இடத்தைச் சொல்லுவினம். வர்த்தமானியில் இருக்கிறது ஆள்கூறுகள் மட்டும். கடலில் அந்தக் கோடு எங்க தொடங்குது என்று தெரியாமல் வலை போட்டவர் ஒரே இரவில் குற்றவாளி. போதாக்குறைக்கு, வகையும் முக்கியம். 2015 இல் இராமர் அணை மணல் தீடைகளை அறிவித்தது கடல்சார் தேசியப் பூங்காவாக. தேசியப் பூங்கா என்றால் அனுமதியில்லாமல் உள்ளே போக ஏலாது. சரணாலயம் என்றால் அப்படியில்லை. இந்த வித்தியாசத்தில்தான் ஒரு குடும்பத்தின் சாப்பாடு கிடக்குது. அதை முன்கூட்டியே தமிழில் இருந்து விளங்கப்படுத்துறது ஆர்?

கேட்டுச் செய்தால் நடக்கும் என்பதற்குப் பிலிப்பைன்ஸின் அப்போ தீவு சாட்சி. சிலிமன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அந்தச் சின்னத் தீவு மீனவர்களோட வருசக்கணக்காகக் கதைத்தார்கள். 1982 இல் பவளப்பாறையின் ஒரு சிறு துண்டை மட்டும் மூட ஊர் சம்மதித்தது. காவலும் ஊர்தான். பிறகு மீன் கூடினது, தீவுக்குப் பெயரும் வந்தது. எங்கட நாட்டிலும் இந்த எண்ணம் புதுசில்லை. 1990களில் ஹிக்கடுவையிலும் றெக்காவையிலும் விசேட பகுதி முகாமைத்துவம் என்று கரையோரச் சனத்தையும் சேர்த்துத் திட்டம் போட்டுப் பார்த்தவை. 1996 கடற்றொழில் சட்டத்திலும் முகாமைத்துவப் பகுதிகளுக்கும் குழுக்களுக்கும் இடமிருக்கு.

"மீனவர்கள் மட்டும் நல்லவையோ? டைனமைட் போடுறதும் தங்கூசி வலை விடுறதும் ஆர்?" என்று கேக்கலாம். நியாயமான கேள்வி. உள்ளூர் இழுவைப் படகுகளும் இருந்தவைதான். சங்கக் கூட்டம் என்றால் சம்மாட்டிமாரின் குரல்தான் பெரிசாகக் கேக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் ஊருக்குள்ள தப்புச் செய்யிறவரை அடையாளம் தெரிந்ததும் ஊருக்குத்தான். நீளக் கரைக்கு நாலு உத்தியோகத்தரை நிப்பாட்டிக் காவல் காக்க ஏலாது.

ஆகவே நாங்கள் கேக்கிறது பெரிய விசயங்கள் இல்லை. வரைபடம் முடிந்தபிறகு கையெழுத்து வாங்கக் கூட்டம் வைக்காதேங்கோ, வெறும் தாளோட வாங்கோ. ஆவணங்கள் தமிழில் இருக்கட்டும். கூட்டத்தைத் தொழிலுக்குப் போற நேரத்தில் வைக்காமல், போயா நாளிலோ ஞாயிறு பூசை முடிந்தோ வையுங்கோ. கருவாடு போடுற, நண்டு தெரியிற, வலை தெரிக்கிற பெண்களை முன்வரிசையில் இருத்துங்கோ. சொன்னதில் எதை ஏற்றீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று எழுத்தில் பதில் தாங்கோ. நாளைக்கு எல்லையை மாத்துறதென்றாலும் அதே ஆட்களிட்ட திரும்பி வாங்கோ.

2030 க்குள் உலகத்தின் நிலத்திலும் கடலிலும் 30 வீதத்தைப் பாதுகாக்க வேணும் என்று 2022 டிசம்பரில் நாடுகள் உடன்பட்டன. உள்ளூர்ச் சமூகங்களின் உரிமையை மதிக்க வேணும் என்பதும் அதே உடன்பாட்டிலேயே இருக்கு. இலக்கை எட்டுற அவசரத்தில் இன்னும் கோடுகள் கீறப்படலாம். அந்த நேரம் பல்கலைக்கழகத்தில் இருக்கிற நாங்கள் இந்தப் பத்திரங்களை வாசித்து, மொழிபெயர்த்து, வாடிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையையாவது செய்யலாம். எங்களில் சிலரின் வீட்டுச் சாப்பாடும் அந்தக் கடலில் இருந்துதான் வருது.