ஒண்ணாம் வகுப்புக்கு எம்.ஏ. எதற்கு?

"ஏனுங்க, அ, ஆ சொல்லிக் குடுக்கறதுக்கு எம்.ஏ., எம்.எட். எல்லாம் எதுக்குங்க?"

கோவைப் பக்கம் நன்றாகப் படித்தவர்களே கேட்கிற கேள்வி இது. தனியார் பள்ளித் தாளாளர் இதையே வேறு மாதிரி சொல்வார்: சின்ன வகுப்புதானே, குறைந்த சம்பளத்துக்கு வருகிற பெண் போதும். அரசோ இதைப் பதவிப் பெயராகவே வைத்திருக்கிறது. தொடக்க வகுப்புக்கு இடைநிலை ஆசிரியர், அதற்கு மேல் பட்டதாரி ஆசிரியர், பிளஸ் டூவுக்கு முதுகலை ஆசிரியர். பிள்ளை வளர வளர வாத்தியாரின் பட்டமும் வளர வேண்டுமாம். ஒண்ணாம் வகுப்பு டீச்சர் கண்விழித்து மேல்படிப்பு முடித்தால், அவர் எதிர்பார்ப்பது ஒண்ணாம் வகுப்பை விட்டுப் போகிற பதவி உயர்வைத்தான்.

தலைகீழ் ஏற்பாடு இது.

பாடத்தைக் கடகடவென்று வாசிக்கிற மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் விரலைப் பாருங்கள். வாய் நாலாவது வரிக்குப் போயிருக்கும். விரல் இரண்டாவது வரியிலேயே நிற்கும். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன கண்ணு?" என்றால் பேச்சு நின்றுவிடும். இன்னொரு பிள்ளை 'பட்ட'த்தைப் 'படம்' என்கிறது. வேறொன்று 'கொடி'யைக் 'கெடி' என்கிறது. முன்னால் நிற்கும் கொம்பைப் பார்த்த கண், பின்னால் வரும் துணைக்காலை விட்டுவிட்டது. மற்றொன்று 'ம', 'ர', 'ம்' என்று மூன்றையும் சரியாகச் சொல்லிவிட்டு, சேர்த்துச் சொல்லச் சொன்னால் விழிக்கிறது. சிக்கல்கள் வேறு வேறு. நம் வகுப்பறையில் மருந்து ஒன்றே: பத்துத் தடவை எழுதிக்கொண்டு வா. மோட்டார் ஓடாவிட்டால் வைண்டிங் போயிற்றா, கெபாசிட்டர் போயிற்றா என்று பார்க்கத் தெரிந்த ஆளைத் தேடும் ஊர் இது.

"தமிழ் எழுதியபடியே படிக்கிற மொழி, 247 எழுத்தும் தெரிந்தால் வாசிப்பு தானாக வரும்" என்பார்கள். கடலிலும் தங்கத்திலும் அகலத்திலும் 'க' ஒரே மாதிரியா ஒலிக்கிறது? வீட்டில் 'வந்துருச்சு', புத்தகத்தில் 'வந்துவிட்டது'. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் கொங்கில் எப்போதும் உண்டு. திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வந்த வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளையும் இப்போது அதே பெஞ்சில். எழுத்தும் ஒலியும் தமிழைவிட நெருக்கமாகப் பொருந்துவது ஃபின்னிஷ் மொழி. அந்த மொழி பேசும் பின்லாந்திலேயே 1970களின் இறுதியிலிருந்து ஒண்ணாம் வகுப்பு ஆசிரியருக்கு முதுகலைப் பட்டம் வேண்டும். அமெரிக்காவில், ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவர் வாசிப்பு வல்லுநர் ஆவதற்கென்றே முதுகலைப் படிப்புகள் உண்டு.

"திண்ணைப் பள்ளிக்கூடத்தில் யார் எம்.எட். படித்தார்கள்?" என்பது அடுத்தது. அங்கே படிப்பு ஏறாத பிள்ளை மாடு மேய்க்கப் போனது. அதை யாரும் கணக்கில் எழுதவில்லை.

இன்றைய ஆசிரியர் படிப்பிலும் இதற்கு இடமில்லை. ஆசிரியர் கல்விக்கான 2014 விதிமுறைகளால் பி.எட். இரண்டாண்டானது. அதில் நூல்களை வாசித்துச் சிந்திக்க ஒரு பகுதி வைத்தார்கள். அது ஆசிரியர் தாம் வாசிப்பதற்கு. பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுத்தருவதற்கு அல்ல. 2022-ல் தமிழக அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளை எங்கே நிற்கிறது என்பதைத்தான் அது சொல்லும், ஏன் அங்கேயே நிற்கிறது என்பதைச் சொல்லாது. அதைக் கண்டுபிடிக்கிற படிப்பைச் சில நாள் பயிற்சியில் ஊட்டிவிட முடியாது.

கோவையில் இதற்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. தி.சு. அவினாசிலிங்கம் 1930-ல் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கிறது. அவர் பெயர் தாங்கிய மகளிர் பல்கலைக்கழகம் ஊருக்குள்ளேயே. இரண்டிலும் சிறப்புக் கல்வி கற்றுத்தருகிறார்கள். ஆனால் சிறப்புக் கல்வி, குறைபாடு உண்டென்று கண்டறியப்பட்ட பிள்ளைக்கானது. குறை ஒன்றுமில்லாமல், சரியாகக் கற்றுத்தரப்படாமலே பின்தங்கிய பிள்ளைக்கு யார்?

ஐந்தாண்டு ஒண்ணாம் வகுப்பு எடுத்தவர்களுக்கு மட்டும் அங்கே ஓராண்டு முதுகலைப் பட்டயம் தொடங்கட்டும். வாரத்தில் பாதி நாள் பக்கத்து ஒன்றியப் பள்ளியில், வாசிக்கத் திணறும் பிள்ளைகளோடு. முடித்தவருக்கு முதுகலை ஆசிரியர் சம்பளம். வேலை மட்டும் ஒண்ணாம் வகுப்பிலேயே. செலவு தாங்காது என்று நிதித்துறை சொல்லும். பத்தாம் வகுப்பில் வினாத்தாளையே வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, துணைத்தேர்வு என்று செலவிடுவதையும் அதே தாளில் எழுதிக் கூட்டட்டும்.