சித்வனுக்கு விருந்தாளியாகப் போவோம்

நேபாளத்தின் சித்வன் தேசியப் பூங்காவை ஒட்டிய கிராமங்களில், தாரு இன மக்களின் வீட்டில் தங்கிக்கொண்டு, சில வாரங்கள் காட்டிலோ பள்ளியிலோ தன்னார்வப் பணி செய்ய வாருங்கள் என்று வெளிநாட்டு இளைஞர்களை அழைக்கும் ஏற்பாடுகள் பல ஆண்டுகளாக நடக்கின்றன. போகிறவர் உழைப்போடு கட்டணமும் தருகிறார். இந்தியர்களுக்கு நேபாளம் செல்ல விசா தேவையில்லை என்பதால், நம் கல்லூரி மாணவர்களுக்கும் இது எட்டாத ஊர் அல்ல. இந்தப் பயணத்தில் இரண்டு சங்கதிகள் ஒட்டிக் கிடக்கின்றன. ஒன்று, தங்கும் வீட்டுக்குக் கொடுக்கும் பணம். மற்றது, அங்கே போய்ச் செய்யும் வேலை. காட்டுக்கும் ஊருக்கும் உண்மையில் உதவுவது முதலாவதுதான். இரண்டாவதைப் பெரும்பாலும் விட்டுவிடலாம், சில இடங்களில் விட்டே ஆகவேண்டும் என்பது என் கருத்து.

சித்வன் எப்படிப் பிழைத்தது என்று பார்த்தால் இது விளங்கும். மலேரியா மண்டிக் கிடந்த காலத்தில் அந்தச் சமவெளியில் தாரு மக்களும் சில சிறு குழுக்களும் மட்டுமே வாழ்ந்தார்கள். 1950களில் டிடிடி தெளித்து மலேரியாவை ஒடுக்கியதும் மலைப்பகுதிகளிலிருந்து குடியேறியவர்கள் காட்டை அழித்து வயலாக்கினார்கள். 1960களின் இறுதியில் காண்டாமிருகங்கள் ஏறக்குறைய நூறாகக் குறைந்துவிட்டன. 1973-இல் நேபாளத்தின் முதல் தேசியப் பூங்காவாகச் சித்வன் அறிவிக்கப்பட்டது. காவலுக்கு ராணுவம் வந்தது. 2021 கணக்கெடுப்பில் அங்கே 694 காண்டாமிருகங்கள் இருந்தன. இந்த மீட்சியின் விலையைக் கொடுத்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். மேய்ச்சலும் விறகும் கூரைக்கான புல்லும் அவர்கள் கையைவிட்டுப் போயின. ஆற்று மீனை நம்பிய போட்டே, முசஹர் குடும்பங்களுக்கு ஆறே அன்னியமானது. இன்றும் இரவில் காண்டாமிருகம் நெல்லிலும் கோதுமையிலும் இறங்குகிறது. பரண் கட்டிக் கண்விழித்துக் காப்பது அந்த வீட்டு ஆள்தான். விலங்கு பிழைக்க வேண்டுமானால், அது வயலுக்குள் வந்த பிறகும் அதைப் பொறுத்துக்கொள்ள அந்தக் குடும்பத்துக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் வெளியூர்த் தன்னார்வலரின் இரண்டு வார உழைப்பு என்ன செய்யும்? ஒரு வேலையை மட்டும் அருகில் நின்று பார்ப்போம். சித்வனின் புல்வெளிகளை மிகானியா என்ற கொடி போர்த்தி மூடி, காண்டாமிருகத்தின் தீவனத்தை நெரிக்கிறது. வால்பாறைத் தேயிலைத் தோட்டக்காரர்களுக்கும் தெரிந்த கொடிதான். கண்ணுக்கு எதிரே தெரியும் எதிரி, கூடவே கை நிறைய ஆட்கள். தன்னார்வலருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை என்றே தோன்றும். ஆனால் அந்தக் கொடி கணுவுக்குக் கணு வேர் விடும். அறுத்த துண்டை ஈரமண்ணில் போட்டுவிட்டுப் போனால் அங்கேயே முளைக்கும். பூத்தபின் உலுக்கினால் விதை காற்றில் பறக்கும். எந்தப் பருவத்தில் அறுப்பது, எங்கே குவித்து அழிப்பது, மறுபடி எப்போது வந்து பார்ப்பது என்பதெல்லாம் ஆண்டு முழுவதும் அங்கேயே இருப்பவர் கைக்கு வரும் வேலை. அதற்குக் கூலி கொடுத்தால் உள்ளூர் ஆட்கள் செய்வார்கள். வெளிநாடுகளில் உழைப்பவர்கள் அனுப்பும் பணம் நேபாளப் பொருளாதாரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. வேலை இல்லாமல் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போகும் இளைஞனின் ஊரில், வெளியூர்க்காரர் பணம் கொடுத்து வேலை செய்வது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

பள்ளியில் பாடம் எடுப்பதும் அப்படித்தான்: ஆசிரியர் மாதத்துக்கு ஒருமுறை மாறினால் பிள்ளைகள் எதைப் படிப்பார்கள்? குழந்தைகள் இல்லத்தில் சேவை என்றால் அது இன்னும் கொடியது. நேபாளத்தில் இத்தகைய இல்லங்கள் பயணிகள் கூடும் காத்மாண்டு பள்ளத்தாக்கு, பொக்காரா, சித்வன் பகுதிகளில்தான் குவிந்திருக்கின்றன. அங்குள்ள பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார் என்று யுனிசெஃப் எச்சரித்திருக்கிறது. படிக்க வைக்கிறோம் என்று ஏழைப் பெற்றோரிடம் சொல்லிப் பிள்ளையைக் கொண்டுவந்து, அநாதை என்று காட்டிப் பணம் திரட்டும் தொழில் இது. 2018-இல் ஆஸ்திரேலியா இதை நவீன அடிமைத்தனத்தின் ஒரு வடிவமாக ஏற்றது. அன்போடு போகிறவரின் கட்டணமே அடுத்த குழந்தையை வீட்டிலிருந்து பிரிக்கிறது. சுற்றுலா விசாவில் வருபவர் சம்பளமில்லாத வேலைகூடச் செய்யக்கூடாது என்று நேபாளம் விதித்திருப்பதை வெறும் அலுவலகக் கெடுபிடியாக என்னால் பார்க்க முடியவில்லை. விசா வேண்டாத நமக்கு அந்தத் தடுப்பும் கிடையாது. ஆகவே நாமே யோசித்துத்தான் போக வேண்டும்.

இனி வீட்டுக்கு வருவோம். 2013-இல் பூங்காவின் மேற்குப் பக்கம் அமல்தாரி என்ற ஊரில் தாரு குடும்பங்கள் ஹோம்ஸ்டே தொடங்கின. இப்படி ஊர்கூடி நடத்தும் இடங்களில் விருந்தாளியை ஒரு குழு முறைவைத்து வீடுகளுக்குப் பிரித்து அனுப்பும். வருமானத்தில் ஒரு பகுதி பொது நிதிக்குப் போகும். மண் மெழுகிய நாணல் சுவர், சோறும் பருப்பும் ஆற்று மீனும், நத்தைக் கறி, நம் கொழுக்கட்டைபோல அரிசிமாவை ஆவியில் வேகவைத்த திக்ரி என்று விருந்தாளி அனுபவிப்பதெல்லாம் அந்த வீட்டுப் பெண்ணின் உழைப்பு. அந்த உழைப்புக்கான கூலி அவள் கைக்கே வருகிறது. காண்டாமிருகம் மேய்ந்த வயலின் நட்டத்தை அது ஓரளவேனும் ஈடுகட்டுகிறது. அதோடு, பூங்காவை ஒட்டிய பகுதிகளுக்காக 1996-இல் வந்த இடைமண்டல (buffer zone) விதிகளின்படி பூங்கா வருமானத்தில் 30 முதல் 50 விழுக்காடு சுற்றியுள்ள கிராமங்களுக்குச் சேர வேண்டும். ஆக, நுழைவுச்சீட்டு வாங்கி, ஊர் வழிகாட்டிக்குக் கூலி கொடுத்துக் காட்டுக்குள் நடப்பவர், தன்னை அறியாமலே சட்டப்படி பங்களிக்கிறார்.

இளைஞரின் நல்லெண்ணத்தை இப்படித் தட்டிக்கழிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எண்ணத்தை நான் மதிக்கிறேன். அது போய்ச் சேரும் இடத்தைத்தான் மாற்றச் சொல்கிறேன். விருந்தாளிகளாலும் கேடு வரும் என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். பூங்காவை ஒட்டிய சுற்றுலா ஊரான சௌராஹாவில் சங்கிலியில் கிடக்கும் யானைகள்மேல் பயணிகளை ஏற்றியதும், கேட்டபோதெல்லாம் ஆடவேண்டிய நிகழ்ச்சியாகத் தாருக்களின் குச்சி நடனம் மாறியதும் கண்கூடு. யானைச் சவாரியை வேண்டாம் என்று சொல்லும் உரிமை விருந்தாளிக்கு உண்டு. எத்தனை பேரை ஏற்பது, எதைக் காட்டுவது என்று முடிவுசெய்யும் உரிமை ஊர்க்குழுவிடம் இருக்க வேண்டும். கால்நடை மருத்துவர், கணக்காளர், தானியங்கி கேமராப் படங்களைப் பிரித்தறியப் பயின்ற மாணவர் போன்றோர் தேவைதானே என்றால், ஆம், தேவைதான். அவர்களைப் பூங்காவோ ஊர்க்குழுவோ தானாகக் கேட்டு அழைக்கட்டும்; உரிய அனுமதியோடு சில மாதங்களாவது இருந்து, ஓர் உள்ளூர் ஆளுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டு வரட்டும். அப்படி அழைப்பு வராதவர் முன்பதிவு செய்யும்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: நான் கொடுக்கும் தொகையில் சமைத்துப்போடும் வீட்டுக்கு எவ்வளவு போகிறது? இடைத்தரகர் பதில் சொல்லத் தயங்கினால், ஊர்க்குழுவையே நேராகத் தொடர்புகொண்டு அறை கேட்கலாம்.