ஒரே சென்ட், இரண்டு பேச்சு

பழ வாசனையும் பூ வாசனையும் கலந்த, விலை குறைந்த பெண்கள் சென்ட் நம் கடைகளில் நன்றாகவே ஓடுகிறது. புகாரும் கூடவே வருகிறது. ஓர் அம்மா 'மாலை வரை மணக்கிறது' என்கிறார். அதே சரக்கை வாங்கிய கல்லூரிப் பெண் 'ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை' என்கிறார். இன்னொருவருக்குத் தலைவலி. உடனே 'டூப்ளிகேட்டா?' என்று நம்மைக் கேட்கிறார்கள்.

பெரும்பாலும் சரக்கில் குற்றமில்லை. எலுமிச்சை, ஆப்பிள் வாசனை முதலில் ஆவியாகிவிடும். பிறகுதான் மல்லிகை, ரோஜா. கடைசியில் தங்குவது கஸ்தூரி வகை மணம். வறண்ட சருமத்தில் எல்லாமே சீக்கிரம் போய்விடும். 'ஓ டி டாய்லெட்' என்றால் வாசனைச் சத்து ஏறக்குறைய 5 முதல் 15 சதவீதம், 'ஓ டி பர்ஃப்யூம்' என்றால் 15 முதல் 20. இதை எடுத்துச் சொல்ல எத்தனை கடைப் பையன்களுக்குத் தெரியும்? வெயில் விழும் ஷோகேஸில் அடுக்கி நாமே கெடுப்பது தனிக்கதை.

மூடியை முகரக் கொடுத்து விற்பதை விடுவோம். மணிக்கட்டில் ஒரு தடவை அடித்து, கால் மணி நேரம் மற்ற சாமான்களைப் பார்க்கச் சொல்லலாம். அதற்கு டெஸ்டர் வேண்டும். டஜனுக்கு ஒன்று கம்பெனிதான் தர வேண்டும். பிரித்த பாட்டிலைச் சில்லரை வியாபாரி தலையில் கட்டுவது நியாயமல்ல. (மொத்த வியாபாரி தலையிலும்தான்!) அடுத்த கொள்முதலின்போதே இதைக் கேட்டு வாங்குவோம்.