எப்ப குடுப்ப?



நடுப்பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்திருப்பீர்கள். ஆசிரியர் பக்கத்தை யாரும் முதலில் படிப்பதில்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆகஸ்ட் 22 சென்னை தினம். சென்ட்ரல், ரிப்பன் மாளிகை, எல்.ஐ.சி. என்று நாங்களும் வழக்கம்போல் போட்டிருக்கலாம். இந்த முறை ஒரு கட்டடமும் இல்லை. பதினாறு பக்கமும் ஆட்கள்தான்.

எங்கள் போட்டோகிராபர் தம்பி ஏப்ரலில் தொடங்கிய வேலை இது. சில நாள் நானும் கூடப் போனேன். காசிமேட்டில் விடிவதற்கு முன்பே போய் நின்றால், ஐஸ் உடைக்கும் சத்தத்துக்கும் ஏலம் கூவும் சத்தத்துக்கும் நடுவே, கேமராவைத் தூக்கியதும் மீன் விற்கும் அம்மாளிடமிருந்து ஒரு கேள்வி வரும். "இன்னா தம்பி, எந்தப் பேப்பரு?" பதில் சொன்னால் இரண்டாவது கேள்வி: "எடுத்து இன்னா பண்ணுவ?" இத்தனை வருஷம் பத்திரிகையில் குப்பை கொட்டிய எனக்கே இதற்குச் சரியான பதில் தெரியாது. தம்பி மழுப்ப மாட்டார். "புக்ல வரும்மா. உங்களுக்கும் ஒரு காப்பி கொண்டாந்து தர்றேன்" என்பார். உடனே மூன்றாவது கேள்வி. அதைத்தான் இந்தப் பக்கத்துக்குத் தலைப்பாக வைத்திருக்கிறேன்.

போட்டோவை நாம் 'எடுக்கிறோம்', பேச்சில் 'புடிக்கிறோம்'. கொடுப்பது என்ற பேச்சே அந்தச் சொற்களில் இல்லை. ஆனால், எடுத்தவன் எப்போது கொடுப்பான் என்று கேட்பது மீன்கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளுக்கு இயல்பாக வந்துவிட்டது. எங்களுக்கு அது உறைக்க ஓர் அவமானம் தேவைப்பட்டது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை. ராயப்பேட்டையில் பிளாட்பாரத்தில் சாவி ரிப்பேர் செய்யும் ஒரு பெரியவர். அவர் குனிந்து அரம் போட்டுக்கொண்டிருந்தபோது, அப்போதிருந்த எங்கள் போட்டோகிராபர் தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்று ஜூம் லென்ஸில் எடுத்தார். நல்ல படம். விரலிடுக்கில் பித்தளைத் தூள் மின்னுவதுகூடத் தெரியும். அட்டையில் போட்டோம். 'உழைக்கும் கரங்கள்' என்று தலைப்பு வைத்தது நான்தான். இன்று நினைத்தால் கூசுகிறது. இதழ் கடைக்குப் போன நான்காம் நாள் பெரியவர் ஆபீஸ் படியேறி வந்தார். பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கியதைப் பார்த்து, காசு கொடுத்து ஒரு பிரதி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். பணம் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் அக்கவுண்ட்ஸ் அறைப் பக்கம் பார்த்தேன். அவர் பணம் கேட்கவில்லை. அட்டையை என் மேஜைமேல் வைத்துவிட்டு, "கை நல்லா வந்துகீது. மூஞ்சி எங்க?" என்றார்.

முகம் பாதி இருட்டில் இருந்தது. மீதிப் பாதி மங்கல். வேண்டுமென்றே அப்படி எடுத்தோம், அதுதான் அழகு என்று அவரிடம் எந்த வாயால் சொல்வது? "முப்பது வருஷமா அங்கதான் குந்திகினு கீறேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சட்டையாவது மாத்திகினு வந்திருப்பேன்ல?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட மறந்துபோன சொந்தக்காரரிடம் சொல்வதுபோல் சொன்னார். டீ வரவழைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "இன்னொரு தபா எடு. மூஞ்சி தெரியுற மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் எடுத்தோம். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டன் வரை போட்டு, தலையைப் படிய வாரி, சாவிக்கொத்துகள் தொங்கும் பலகைக்குப் பக்கத்தில் பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருவதுபோல் விறைப்பாக உட்கார்ந்தார். சிரிக்கச் சொன்னதற்கு மறுத்துவிட்டார். இரண்டு பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம். அந்தப் படம் இதழில் வரவில்லை. அது எங்களுக்காக எடுத்ததில்லை.

இதற்குப் பிறகு எப்போதோ, வேறு எதையோ தேடும்போதுதான் மில்டன் ரோகோவின் என்ற மனிதரைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் பஃபலோ என்ற ஊரில் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுப்பவர். 1909-ல் பிறந்தவர். ஐம்பதுகள் அங்கே கம்யூனிஸ்டுகளைத் துருவித் துருவித் தேடிய காலம். 1957-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு இவரையும் கூப்பிட்டு விசாரித்தது. இவர் பதில் சொல்ல மறுத்தார். ஊரிலேயே பெரிய சிவப்பு இவர்தான் என்கிற தோரணையில் உள்ளூர்ப் பத்திரிகை செய்தி போட்டது. கண்ணாடிக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள், தெரிந்தவர்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள். ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர் மறு வருஷம் கேமராவைக் கையில் எடுத்தார். கறுப்பின மக்களின் சின்னச் சின்னக் கடையறைத் தேவாலயங்களில் பாட்டுகளைப் பதிவு செய்யப் போன ஒரு நண்பரோடு சேர்ந்து போனதுதான் ஆரம்பம்.

நான் சொல்ல வந்தது 1972-ல் தொடங்கியதை. ஊரின் லோயர் வெஸ்ட் சைடு பகுதியில், ஆறே ஆறு தெருச் சதுக்கங்களுக்குள் ஆட்களை எடுக்க ஆரம்பித்தார். போர்ட்டோ ரிக்கோக்காரர்கள், கறுப்பர்கள், இத்தாலியர்கள், பூர்வகுடிகள் என்று கைக்கும் வாய்க்குமாகப் பிழைக்கிற குடும்பங்கள். கேமராவோடு வந்தவரைப் போலீஸ் ஆளோ என்று முதலில் சந்தேகப்பட்டார்கள். போலீஸ் சந்தேகம் என்றால் என்னவென்று இவரைவிட யாருக்குத் தெரியும்? அந்தச் சந்தேகத்தைப் போக்க இவர் கண்ட வழி ரொம்பச் சாதாரணமானது. எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு, திரும்பிப் போய் அவரவர் கையில் கொடுத்தார். எப்படி நிற்பது, எங்கே நிற்பது என்பதையும் அவர்களிடமே விட்டுவிட்டார்.

அவரிடம் இருந்தது ரோலிஃபிளெக்ஸ் கேமரா. நம் ஊர்ப் பழைய ஸ்டூடியோக்களிலும் பார்த்திருப்பீர்கள், மேலும் கீழுமாக இரண்டு கண் வைத்த பெட்டி. வயிற்றருகே பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டும். எதிரே நிற்பவர் நிமிர்ந்து நிற்க, எடுப்பவர் குனிய வேண்டிய கேமரா. தற்செயலாக அமைந்ததுதான். ஆனாலும், இன்று செல்போனை ஆட்களின் முகத்துக்கு நேரே நீட்டுகிறோமே, அதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

எண்பதுகளின் நடுவில் அதே தெருக்களுக்குத் திரும்பப் போனார். மனைவி ஆனும் கூடவே. பழைய படங்களைக் காட்டி, 'இவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்' என்று விசாரித்துக் கண்டுபிடித்து மறுபடி எடுத்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மூன்றாம் முறை. 2000-க்கு மேல், தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு, நான்காம் முறை. ஒரே ஆட்கள், நான்கு படம், கிட்டத்தட்ட முப்பது வருஷம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தலை நரைப்பதும், பிள்ளைகள் வளர்வதும், நடுவில் ஒருவர் இல்லாமல் போவதும் தெரிகிறது. 2011-ல், 101 வயதில் இறந்தார். அவருடைய படங்கள் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன.

நியூயார்க்கில் 2010-ல் பிராண்டன் ஸ்டான்டன் தொடங்கிய 'ஹியூமன்ஸ் ஆஃப் நியூயார்க்' உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பத்தாயிரம் பேரைப் படமெடுக்கக் கிளம்பியவர், போகப் போக அவர்கள் பேசியதையும் சேர்த்துப் போட்டதால் உலகப் புகழ் பெற்றார். நல்ல வேலைதான். ஆனால் எனக்கு ரோகோவின்தான் மனசுக்கு நெருக்கம். பத்தாயிரம் பேரை ஒரு தடவை பார்ப்பதைவிட ஒரே ஆளை நான்கு தடவை போய்ப் பார்ப்பது சிரமம் என்பதால் இருக்கலாம்.

நம் நாட்டிலேயே, டெல்லியில் நடந்தது ஒன்று. 1989-ல் லண்டன் பத்திரிகை ஒன்றுக்காகத் திருநங்கைகளைப் படமெடுக்கப் போன தயாநிதா சிங், மோனா அகமதுவைச் சந்திக்கிறார். எடுத்து முடித்த பிறகுதான் படம் லண்டனில் வெளியாகும் என்பது மோனாவுக்குத் தெரிகிறது. அங்கே உறவினர்கள் இருக்கிறார்கள், பார்த்துவிடுவார்கள், ஃபிலிமைக் கொடுத்துவிடு என்கிறார். தயாநிதா ஃபிலிம் சுருளைக் கழற்றி மோனாவின் கையில் கொடுத்துவிட்டார். பத்திரிகைக்குப் படம் இல்லை. அங்கிருந்து தொடங்கிய சிநேகம் மோனா 2017-ல் இறக்கும்வரை நீடித்தது. நடுவே, 2001-ல் மோனாவின் வாழ்க்கை அவர் சொன்னபடியே புத்தகமாகவும் வந்தது. ஆசிரியராக யோசித்தால் வயிறு கலங்குகிறது. அசைன்மென்ட்டுக்குப் போன தம்பி வெறுங்கையோடு வந்து, 'அவங்க கேட்டாங்க, ஃபிலிமைக் குடுத்துட்டேன்' என்றால் நான் என்ன சொல்லியிருப்பேன்? பாராட்டியிருப்பேன் என்று இங்கே எழுதிக்கொள்ளலாம். அந்த மாத அட்டை காலியாக இருக்கும்போது பாராட்டியிருப்பேனா என்பதுதான் கேள்வி.

எங்கள் ஆபீஸ் வழக்கத்துக்கு வருகிறேன். சாவிக்காரருக்குப் பிறகு ஒரு விதி போட்டோம். யாரை எடுத்தாலும் போஸ்ட் கார்டு சைஸில் ஒரு பிரிண்ட் அவருக்குப் போக வேண்டும், இதழ் வருவதற்கு முன்னால். இப்போது பாதிப் பேர் "வாட்ஸ்அப்ல தட்டிவுடு" என்கிறார்கள். அறுபது தாண்டியவர்கள் காகிதம்தான் கேட்கிறார்கள். ஒரு பிரிண்ட் டீ விலைதான் ஆகிறது. கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் இருக்கிறது வில்லங்கம்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு கூவம் கரையில், வீட்டு வாசலில் இட்லிக்கடை போட்டிருந்த ஓர் அம்மாளைத் தம்பி எடுத்திருந்தார். பிரிண்ட்டோடு போனால் வீடும் இல்லை, வரிசையும் இல்லை. இடித்த செங்கல் குவியல்தான் இருந்தது. பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார் பக்கத்து டீக்கடைக்காரர். பஃபலோவில் ரோகோவின் பத்து வருஷம் கழித்துப் போனாலும் அந்தத் தெருக்கள் இருந்தன. இங்கே பத்து மாதத்துக்குள் தெருவே ஊரின் மறுகோடிக்குப் போயிருந்தது. தம்பி விடவில்லை. பெரும்பாக்கத்தில் ஒரே அச்சில் வார்த்ததுபோல் நிற்கும் அடுக்குமாடிகளில் பிளாக் பிளாக்காக ஏறி இறங்கி, மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை கண்டுபிடித்துவிட்டார். அன்று நானும் கூட இருந்தேன்.

அந்த அம்மாள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். தன் முகத்தைப் பார்ப்பார், நரை தெரிகிறது என்று குறைபடுவார் என்று காத்திருந்தேன். அவர் பார்த்தது தனக்குப் பின்னால் இருந்ததை. நீல பெயின்ட் அடித்த பழைய கதவு. அதன் கீழ்ப்பலகையில் சாக்பீஸில் யாரோ எழுதிய கணக்கு. "கதவு நல்லா வுழுந்திருக்கு" என்றார். அப்புறம் மகளைக் கூப்பிட்டு, "ஏய், இங்க பாரு, நம்ம கதவு" என்று காட்டினார். எங்களுக்கு ஆளுக்கு நான்கு இட்லி வந்தது. கடை இன்னும் போட்டிருக்கிறாரா என்று கேட்டேன். "இங்க யாரு வாங்குவா? எல்லாரும் காலைல அஞ்சு மணிக்கே பஸ்ஸப் புடிக்க ஓடுறாங்க" என்றார்.

சாவிக்காரப் பெரியவர் கதையையும் முடித்துவிடுகிறேன். இரண்டாவது படம் எடுத்து மூன்று வருஷம் கழித்து அவர் மகன் ஆபீசுக்கு வந்தார். "அப்பா தவறிட்டாரு. அந்தப் படத்த பெருசா வேணும். வேற நல்ல படம் வூட்ல இல்ல." அன்றே அனுப்பி வைத்தோம். சாயங்காலம் ராயப்பேட்டைச் சந்து முனையில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் கட்டியிருந்தது. நாங்கள் கருப்பு வெள்ளையில் எடுத்ததை ஃபிளெக்ஸ் கடைக்காரர் கலராக்கி, சட்டையை ரோஸ் ஆக்கி, பின்னால் மேகமும் இரண்டு வெள்ளைப் புறாவும் சேர்த்திருந்தார். படம் எடுத்தவருக்கு முதலில் முகம் சுண்டியது. அவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்த வெளிச்சம்! கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "மூஞ்சி நல்லா தெரியுது, மேடம்" என்றார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த இதழுக்காக எடுத்த படங்களில் பதினொரு பிரிண்ட் இன்னும் என் மேஜை இழுப்பறையில் கிடக்கின்றன. சிலர் கொடுத்த போன் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை. சிலர் நம்பரே கொடுக்கவில்லை. 42-ஆம் பக்கத்தில் பிராட்வே பஸ் நிலைய வாசலில் தர்பூசணிக் கீற்று விற்கும் இளைஞர், 'காலரைச் சரி பண்ணிட்டு எடுங்க' என்றவர். 45-ஆம் பக்கத்தில் மயிலாப்பூர் மாட வீதியில் கோலமாவு விற்கும் பாட்டி. 47-ல் கொத்தவால் சாவடியில் தலைச்சுமையோடு நின்று, மூட்டையை இறக்காமலே போஸ் கொடுத்தவர். இவர்களில் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், காப்பி இங்கே தயாராக இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு வரை ஆபீஸ் திறந்திருக்கும், ஞாயிறு விடுமுறை. வர முடியாதென்றால் எங்கே வர வேண்டும் என்று மட்டும் சொல்லட்டும், தம்பி கொண்டுபோய்க் கொடுப்பார்.

அன்புடன்,
ஆசிரியர்