கைவிடப்பட்டவரின் கேள்வி

1943 யூலையில் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரம் குண்டுவீச்சில் எரிந்தது. விமான எதிர்ப்புப் படைக்கு உதவியாளராக நின்ற 17 வயது யூர்கன் மோல்ட்மன் தப்பினார். அருகில் நின்ற நண்பர் மாண்டார். சமயப் பற்றில்லாத குடும்பத்தில் வளர்ந்த மோல்ட்மன், அன்றிரவுதான் முதன்முறையாகக் கடவுள் எங்கே என்று கேட்டார்.

பின்னர் பிரித்தானியரின் போர்க்கைதியாக இருந்தபோது, இராணுவ மதகுரு ஒருவர் கொடுத்த வேதாகமத்தில் மாற்கு நற்செய்தியை வாசித்தார். இறைவன் தம்மைக் கைவிட்டது ஏன் என்று சிலுவையில் இயேசுவும் கதறுகிறார். தமது வேதனையை அறிந்த ஒருவரை மோல்ட்மன் அங்கே கண்டார்.

1972இல் வெளிவந்த அவரது 'சிலுவையில் அறையப்பட்ட கடவுள்' என்னும் நூல், கடவுளைத் துன்பம் தீண்டாது என்ற பழைய கோட்பாட்டை மறுத்தது. மகன் மரணத்தை அனுபவித்தார். மகனை இழந்த துயரைத் தந்தை அனுபவித்தார் என்பது அவரது வாதம்.

கடவுளும் நம்மைப்போல் துன்புற்றால் அதனால் நமக்கு என்ன மீட்பு என்று கத்தோலிக்க இறையியலாளர் கார்ல் ரானர் ஆட்சேபித்தார். நியாயமான வினாதான். இறையியலாளர்கள் அதனைத் தொடர்ந்து விவாதிக்கட்டும்.

ஆனால் ஒன்று தெளிவு. இயேசு கேட்ட கேள்வி 22ஆம் சங்கீதத்தின் தொடக்கம். அதாவது அது ஒரு பிரார்த்தனை. பிள்ளையைப் பறிகொடுத்தவர் அதையே கேட்கும்போது, "எல்லாம் தேவசித்தம்" என்று வாயடைப்பது ஆறுதலாகாது. அவரது விசுவாசம் குன்றிவிட்டதெனக் கடிந்துகொள்ளவும் எவருக்கும் உரிமையில்லை.